என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள்

என் தமக்கையாரின் இளைய மகள் தாதியர் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குச் சென்றிருக்கிறாள். அங்கே அவளுக்கென ஒதுக்கிய அறை ஆயத்தமாவதற்கு மூன்று கிழமை தாமதமாயிற்று. அந்த மூன்று கிழமையும் அவளைத் தம் வீட்டில் வைத்து ஆதரித்தவர் ஒரு முதிய அம்மையார். கணவரை இழந்தவர், பிள்ளைகள் தொலைவில் இருப்பவர். குளிருக்கேற்ற உடுப்பு வாங்கும் கடையைக் காட்டியதும், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்று தாளில் எழுதிக் கொடுத்ததும் அவரே. வாடகையென்று காசை நீட்டியபோது கோபித்துக்கொண்டாராம். இவள் சமையலறையிற் செத்தல் மிளகாய் பொரித்த புகைக்கு வீட்டின் அபாயமணி இருமுறை அலறியபோதும் சிரித்துக்கொண்டே சன்னலைத் திறந்துவிட்டாராம்.

தன் அறைக்குக் குடிபுகுந்ததும் என் மருமகள் அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினாள். கைத்தொலைபேசியில் இரண்டு வரி அனுப்புவது மரியாதையாகாது என்றெண்ணி, நல்ல தாள் வாங்கித் தன் கையாலேயே எழுதினாள். அதன் முதல் வாக்கியம் இது: ‘யூ புட் அப் வித் மீ ஃபோர் த்ரீ வீக்ஸ்.’

மூன்று கிழமை எனக்குத் தங்க இடம் தந்தீர்கள் என்பது அவள் கருத்து. அம்மையார் வாசித்ததோ, ‘மூன்று கிழமை என்னைப் பொறுத்துக்கொண்டீர்கள்’ என்று.

பதில் வந்தது, நான்கே வரிகள். உன்னை நான் ஒரு நாளும் பாரமாக நினைத்ததில்லை. நீ அவ்வாறு எண்ணும்படி என் பேச்சிலோ நடத்தையிலோ ஏதேனும் இருந்திருந்தால் வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். பிள்ளை திகைத்துப்போனாள். இரண்டு கடிதங்களையும் படம் பிடித்து எனக்கு அனுப்பி, “மாமா, நான் என்ன பிழை விட்டேன்? அகராதியைப் பார்த்துத்தானே எழுதினேன்” என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஆகையால் அந்தக் கேள்வியை எனக்கு வந்த குற்றப்பத்திரிகையாகவே கொண்டேன்.

அகராதியை அவள் பார்த்தது மெய்தான். ‘புட் அப்’ என்பதற்கு ஒருவருக்குத் தங்க இடமளித்தல் என்ற பொருள் உண்டு. ‘யூ புட் அப் மீ’ என்று முதலில் எழுதிப் பார்த்தாளாம். வாய்விட்டு வாசித்தபோது ஏதோ இடறியது. அப்புக்கும் மீக்கும் இடையில் ஒரு சொல் குறைகிறது என்றெண்ணி ‘வித்’ என்பதைச் செருகிவிட்டாள். அவளுடைய காது பிழைக்கவில்லை. அந்த வாக்கியம் இடறத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு மருந்து இன்னொரு சொல்லைச் சேர்ப்பதன்று. இருந்த சொல்லை இடம் மாற்றுவது. ‘யூ புட் மீ அப்.’ அவ்வளவுதான்.

இந்த இட மாற்றத்தைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். இது நம்மவர் பலரை இடறச் செய்கிறது. நன்றாகக் கற்றவர்களும் இதற்கு விலக்கல்லர்.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பின் வந்து நிற்கும் சின்னஞ்சிறு சொற்கள் உண்டு. அப், டவுன், ஒஃப், அவுட், அட், ஃபோர், ஆஃப்டர் என்பன போல்வன. வெளித்தோற்றத்தில் அவையெல்லாம் ஒரே சாதிதான். ஆனால் அவற்றுட் சில வினையைச் சேர்ந்தவை. சில பின்னே வரும் பெயரைச் சேர்ந்தவை. பெயருக்கு முன் நின்று, நம் வேற்றுமையுருபு செய்யும் வேலையைச் செய்வது முன்னிடைச்சொல். ‘லுக்ட் அட் த புக்’ என்றால், புத்தகத்தைப் பார்த்தான். அங்கே ‘அட்’ என்பது நமது ‘ஐ’ உருபின் இடத்தில் நிற்கிறது. புத்தகத்தை விட்டுப் பிரியாது. ‘பிக்ட் அப் த புக்’ என்றால், புத்தகத்தைக் கையில் எடுத்தான். அங்கே ‘அப்’ புத்தகத்துக்கு உறவன்று. எடுத்தல் என்ற செயலுக்கு உறவு.

பெயர்ச்சொல் வரும்போது இந்த வேற்றுமை நம் கண்ணுக்குப் புலப்படாது. ‘பிக்ட் அப் த புக்’ என்றும் சொல்லலாம், ‘பிக்ட் த புக் அப்’ என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. பிரதிப்பெயர் வந்தவுடன்தான் வேடம் கலைகிறது. ‘ஐ பிக்ட் இட் அப்’ என்பதே வழக்கு. ‘ஐ பிக்ட் அப் இட்’ என்று எந்த ஆங்கிலேயனும் சொல்லான். மறுபுறம், ‘ஐ லுக்ட் அட் இட்’ என்பதே சரி. ‘ஐ லுக்ட் இட் அட்’ என்பது எக்காலத்திலும் பிழை. வினைக்குரிய சிறுசொல்லாயின் பிரதிப்பெயர் நடுவில் நுழையும். பெயருக்குரிய சிறுசொல்லாயின் பிரதிப்பெயர் அதன் பின்னே நிற்கும். இட், ஹிம், ஹேர், மீ, அஸ், தெம் ஆகிய யாவற்றுக்கும் இதே சட்டம்.

ஏன் இப்படி என்று கேட்கும் மாணவனை அடக்கிவைக்கும் உபாத்தியாயர்கள் உண்டு. நானும் சில நாட்களில் அப்படி இருந்ததுண்டு. காரணம் கடினமானதன்று. ஆங்கில வாக்கியத்தில் புதிய செய்தியும் பாரமான சொல்லும் கடைசியில் வந்து அமர விரும்பும். ‘இட்’, ‘ஹிம்’ என்பவை முன்னரே தெரிந்த ஒன்றைக் குறிப்பவை, மெலிந்தவை, குரலில் அழுத்தம் பெறாதவை. ஆகவே அவை கடைசி ஆசனத்தை விட்டு நடுவில் ஒடுங்கிக்கொள்கின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பிக்ட் இட் அப்’ என்பதில் குரல் ‘அப்’ மீது விழுகிறது. ‘லுக்ட் அட் இட்’ என்பதில் ‘லுக்ட்’ மீது விழுகிறது. ‘அட்’ என்பது முணுமுணுப்பாய்ப் போய்விடுகிறது. செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதே சட்டம் மறுபக்கமாக வேலை செய்யும். ‘போன மாதம் தபாலில் வந்த அந்தப் பழைய புத்தகத்தை’ என்பதுபோல ஒரு நெடுந்தொடரை நடுவில் திணித்து, ‘அப்’ என்பதை நாலு அடி தள்ளி வைத்தால் கேட்பவனுக்கு மூச்சு முட்டும். அங்கே ‘பிக்ட் அப்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத் தொடரைப் பின்னே வைப்பதே அழகு.

இடம் மாறினாற் பொருளே மாறும் இணைகள் சில உண்டு. அவற்றை அறிந்துகொண்டால் இந்த விதி மறக்காது. ‘ஷி லுக்ட் இட் அப்’ என்றால், ஒரு சொல்லை அகராதியிலே தேடிப் பார்த்தாள். ‘ஷி லுக்ட் அப் இட்’ என்றால், ஒரு வீதியையோ புகைபோக்கியையோ மேல்நோக்கிப் பார்த்தாள். ‘ஹி ரான் டவுன் இட்’ என்றால் குன்றின் சரிவில் ஓடி இறங்கினான். ‘ஹி ரான் ஹிம் டவுன்’ என்றால் ஒருவனைப் பழித்துப் பேசினான், அல்லது வாகனத்தால் மோதி வீழ்த்தினான். இன்னுமொன்று. ‘ஐ சோ ஹிம் த்ரூ’ என்றால், அவன் இடருற்ற காலத்தில் உடனிருந்து கரையேற்றினேன். ‘ஐ சோ த்ரூ ஹிம்’ என்றால், அவனுடைய கபடத்தைக் கண்டுகொண்டேன். தந்தையை இழந்த ஒரு மாணவனுக்குத் தாம் துணைநின்றதை எழுத வந்த பெரியவர் ஒருவர், இரண்டாவது வாக்கியத்தை நற்சான்றிதழில் எழுதிக் கையொப்பமும் இட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தாளை அப்பையன் எத்தனை இடங்களில் நீட்டினானோ!

சிறுசொல் வினைக்கு முன்னே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அது ஆங்கிலத்தின் பழைய வழக்கம். ‘ஓவர்லுக்’, ‘வித்ஸ்டான்ட்’, ‘அண்டர்ஸ்டான்ட்’ என்பன அவ்வகையின. ‘ஐ லுக்ட் இட் ஓவர்’ என்றால் அதை மேற்பார்வையாகப் பார்வையிட்டேன். ‘ஐ ஓவர்லுக்ட் இட்’ என்றாலோ அதைக் கவனியாமல் விட்டேன். உங்கள் விண்ணப்பத்தைப் பார்வையிட்டேன் என்று சொல்ல வந்தவர் இரண்டாவதை எழுதினால் விண்ணப்பகாரரின் நிலை என்னாகும்! ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜேர்மன் மொழியில் இத்தகைய சிறுசொல் அகராதியில் வினையின் தலையில் ஒட்டி நிற்கும். இறந்தகால வாக்கியத்தில் கழன்றுபோய்க் கடைசியில் நிற்கும். அதைப் பார்க்க ஆங்கிலம் நம்மீது இரக்கமுள்ளது என்றே சொல்லவேண்டும்.

இதன் கடினத்தை ஆங்கிலேயரே அறியாதிருக்கவில்லை. சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட தம் பேரகராதியின் முன்னுரையில், வினையின் பின் சிறுசொல் சேர்ந்து பொருளை மாற்றும் இந்த வழக்கமே பிறமொழியாளருக்குப் பெருந்துன்பம் தருவது என்று ஒப்புக்கொள்கிறார். இத்தகைய கூட்டுவினைக்கு இன்று வழங்கும் ‘ஃபிரேசல் வேர்ப்’ என்ற பெயரை 1925 இல் லோகன் பியர்சல் ஸ்மித் தம் நூலில் எடுத்தாண்டார். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் எழுதினார். நூற்றாண்டுகளாக வாயில் வழங்கிவந்த பொருளுக்குப் பெயர் சூட்ட அவ்வளவு காலம் சென்றிருக்கிறது.

நம்மவரைக் குழப்பிய இன்னொரு பழைய விதியும் உண்டு. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கலாகாது என்று அடித்துச் சொல்லித்தந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். 1672 இல் டிரைடன் என்ற புலவர் தமக்கு முந்திய பென் ஜோன்சனின் எழுத்திலே அதைக் குற்றமாகக் காட்டினார். பின்வந்த இலக்கணகாரர் சிலர் அதைப் பிடித்துக்கொண்டனர். அந்த அச்சத்தாற்போலும், ‘பிக்ட் இட் அப்’ என்று முடிக்க நம் பிள்ளைகளுக்குக் கை வருவதில்லை. அங்கே கடைசியில் நிற்பது முன்னிடைச்சொல்லே அன்று. அதற்குப் பின்னே பெயரும் இல்லை. அதற்குப் பெயர் வேண்டியதும் இல்லை.

இனி இறந்தகாலத்துக்கு வருவோம். இறந்தகாலம் காட்டுவது வினைச்சொல் மட்டுமே. சிறுசொல்லை அது தொடாது. பிக் என்பது பிக்ட் ஆகும். கிவ் என்பது கேவ் ஆகும். டேக் என்பது டுக் ஆகும். அப் என்றென்றும் அப்தான். இது எளிதாகத் தோன்றினாலும் ‘பிக்கப்ட்’ என்று எழுதும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். அவர்களைக் கடிந்துகொண்டேன், காரணம் ஆராயவில்லை. இப்போது ஆராய்ந்து பார்த்தால் காரணம் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. ‘பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பிக்கப் பண்ணினேன்’ என்கிறோம். ‘லைட்டை ஒஃப் பண்ணினேன்’ என்கிறோம். அங்கே ‘பிக்கப்’ என்பது பிரியாத ஒரே சொல். காலங் காட்டுவது ‘பண்ணினேன்’. ‘ஒஃப் பண்ணினேன்’ என்பதிலோ ‘சுவிட்ச்’ என்ற வினை எங்கோ மறைந்துபோய், ஒஃப் என்ற சிறுசொல்லே வினையின் ஆசனத்தில் ஏறிவிட்டது. ‘அதை’ என்ற பிரதிப்பெயரும் முன்னாலேயே நின்றுவிடுகிறது: ‘அதை ஒஃப் பண்ணினேன்.’ இப்படிப் பேசிப் பழகிய வாய்க்கு, பிக்கையும் அப்பையும் பிரித்து நடுவே ‘இட்’ என்பதை வைப்பது, ஒட்டிப் பிறந்த பலகையை ஈர்வது போலத்தான் இருக்கும்.

வினாவிலும் எதிர்மறையிலும் காலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொள்ளும். வினை தன் பழைய வடிவுக்குத் திரும்பும். ‘டிட் யூ பிக் இட் அப்?’ ‘ஐ டிட் நொட் பிக் இட் அப்.’ பிரதிப்பெயரின் இடம் மாறவில்லை என்பதைக் கவனிக்க. ‘புட்’ போன்ற வினைகள் இறந்தகாலத்திலும் அதே வடிவில் நிற்பதால் வேறொரு தொல்லை. ‘யூ புட் மீ அப்’ என்பது நிகழ்காலமா இறந்தகாலமா என்று சொல்லிலே தெரியாது. ‘சென்ற மாதம்’ என்பது போன்ற காலக் குறிப்பே காட்டவேண்டும். ‘ஷி புட் மீ அப்’ என்றால் மட்டும் ஐயமில்லை. நிகழ்காலமாயின் ‘புட்ஸ்’ என்றிருக்கும். செயப்பாட்டு வினையிற் சிறுசொல்லை விழுங்கிவிடுவோரும் உளர். ‘ஹி வொஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹிஸ் ஆன்ட்’ என்பதில் ஆஃப்டர், பை என இரண்டு சிறுசொற்கள் அருகருகே நிற்பது அவர்கள் கண்ணை உறுத்தும், ஒன்றைக் களைந்துவிடுவார்கள். களையக்கூடாது. முன்னது பராமரித்தல் என்ற பொருளைத் தருகிறது. பின்னது பராமரித்த மாமியைக் காட்டுகிறது.

இவையெல்லாம் தமிழனுக்கு முற்றிலும் அந்நியம் என்று நான் கருதவில்லை. தாய் குழந்தையைப் பார்த்தாள் என்பதும், குழந்தையைப் பார்த்துக்கொண்டாள் என்பதும் ஒன்றா? ‘கொள்’ என்ற துணைவினை சேர்ந்தவுடன் பார்வை பராமரிப்பாகிவிட்டது. ‘லுக்ட் அட்’, ‘லுக்ட் ஆஃப்டர்’ என்ற வேற்றுமைதான் அது. கொடுத்தான் என்பது வேறு. விட்டுக்கொடுத்தான் என்பது வேறு. இவற்றை நமக்கு ஒருவரும் பட்டியலிட்டுக் கற்பிக்கவில்லை. தாயின் மடியிலே கேட்டு அறிந்தோம். ஒன்று மட்டும் மாறுகிறது. நம் மொழியிலே துணைவினை காலத்தைத் தாங்கும். அவர்கள் மொழியிலே தலைவினை காலத்தைத் தாங்கும், சிறுசொல் சும்மா நிற்கும். மேலும், அவனை, அவனுக்கு, அவனோடு, அவனிடம் என்று நம் பிரதிப்பெயர் தன் உறவைத் தன் உடலிலேயே எழுதிக்கொண்டு வருவதால், வாக்கியத்தில் எங்கே நின்றாலும் அடையாளம் தெரியும். ஆங்கிலத்திலோ இவை எல்லாவற்றுக்கும் ஒரே ‘ஹிம்’. முகத்தில் அடையாளம் இல்லாதவனை நிற்கும் இடத்தைக் கொண்டே அறியவேண்டும். அதனாற்றான் இடம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கிறது.

என் பிழை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இக்கூட்டுவினைகளை அகரவரிசைப் பட்டியலாகக் கரும்பலகையில் எழுதினேன். புட் அப், புட் ஒஃப், புட் அவுட், புட் அப் வித். அருகே ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருள். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள்; மனப்பாடம் செய்தார்கள்; பரீட்சையில் நல்ல புள்ளியும் பெற்றார்கள். பிரதிப்பெயர் எங்கே நிற்கும் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. கடையிலே விற்கும் பரீட்சை வழிகாட்டிகள் பலவும் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலம் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்க்கலாம். கொப்பியில் எழுதும்போதே ஒரு ‘இட்’ அல்லது ‘ஹிம்’ சேர்த்து, இறந்தகாலத்தில் முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ‘ஐ புட் இட் ஒஃப்’ (அதை ஒத்திவைத்தேன்). ‘ஐ டேர்ண்ட் இட் டவுன்’ (அதை மறுத்துவிட்டேன்). ‘ஐ வெய்ட்டட் ஃபோர் ஹிம்’ (அவனுக்காகக் காத்திருந்தேன்). ‘ஐ புட் அப் வித் ஹிம்’ (அவனைச் சகித்துக்கொண்டேன்). பொருளும் இடமும் காலமும் ஒரே மூச்சில் நெஞ்சில் இறங்கும். ஒரு நாளைக்கு நான்கு போதும், நாற்பது வேண்டாம்.

மருமகளுக்கு இவ்வளவும் எழுதவில்லை. ‘வித்’ என்பதை நீக்கு, ‘மீ’ என்பதை நடுவில் வை, நீ சொல்ல நினைத்தது இதுவென்று அம்மையாருக்கு உடனே எழுது, நேரில் போக முடிந்தால் போ என்று மட்டும் சொன்னேன்.

அவள் நேரிற் போகவில்லை. பயிற்சி விடுதியில் இரவுக் கடமை. கடிதம் எழுதினாள். அனுப்பு முன் எனக்குக் காட்டவும் இல்லை. பின்னர்தான் அதன் பிரதி வந்தது. ‘யூ புட் மீ அப்’ என்பதே நான் எழுத எண்ணியது, என் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது என்று தொடங்கியிருந்தாள். அதுவரை நான் சொன்னபடிதான். அடுத்த வரி அவளுடையது: ஆனால் அந்த மிளகாய்ப் புகையை நினைத்துப் பார்த்தால், முதற் கடிதத்தில் எழுதியதும் பொய்யன்று, யூ புட் அப் வித் மீ, டூ.

பதில் இரண்டு நாளிலே வந்துவிட்டதாம். நத்தார் விடுமுறைக்கு அறையிலே தனியே இருக்கவேண்டாம், வீட்டுக்கு வா என்று எழுதியிருந்தார். அடியில் ஒரு சிறு குறிப்பு: மிளகாயும் கொண்டு வரலாம், சன்னலை முன்கூட்டியே திறந்து வைக்கிறேன்.